சட்டை போட்ட சாண்ட்விச்

ஏப்ரல் 6, இரவு
(இதை அனுப்பவில்லை)

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா, சாப்பிட்டீர்களா, உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கூடத்தில் விளக்குப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள்.

சமையலறையில் தீ பிடித்ததற்குக் காரணம் நான்தான்.

இந்த ஒரு வரிக்கு மூன்று இரவுகள் ஆகிவிட்டன. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அன்று கடைசிப் பரீட்சை. பன்னிரண்டு மணிக்கே பள்ளியில் விட்டுவிட்டார்கள். என்கூடப் படிக்கும் ஒட்டடைக்குச்சி வீட்டில் விளையாடலாம் என்று, நாலு மணிக்குத்தான் வருவேன் என வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். போனால் அவள் வீட்டில் விருந்தாளிகள். பசி வேறு. திரும்பிவிட்டேன். பின்பக்கப் படியில் ஏறும்போது சமையலறை ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். பேக்கரியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தீர்கள். உள்ளே வந்தால், நாலு மணி என்றாயே என்று கேட்பீர்கள். அதனால் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் எனக்குச் செய்து தருவதாகச் சொன்ன சாண்ட்விச்சுக்கு நீங்கள் எல்லாம் தயார் பண்ணியதைப் பார்த்தேன். சீஸும் கோழித் துண்டும் வைத்து அழுத்திக் குளிர்பெட்டியில் வைத்தீர்கள். முட்டை மாவைக் கலக்கி மூடினீர்கள். வாணலியில் எண்ணெயை ஊற்றி அடுப்பின்மேல் வைத்தீர்கள். பற்றவைக்கவில்லை. இரண்டு குமிழையும் திருகிப் பார்த்து, குனிந்தும் பார்த்து, வெறும் வீட்டிடம் "மூடியாச்சு" என்றீர்கள். பதில் சொல்ல ஆளில்லை என்று உங்களுக்கே சிரிப்பு வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு போனீர்கள்.

எனக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. என் சாவியால் திறந்தேன். எண்ணெயைக் காயவைத்தேன். மேலே தூவப் பொடித்த சர்க்கரை இல்லை. முனைக்கடை தானே, ரெண்டு நிமிஷம் என்று ஓடினேன். ஓடும்போது கதவைப் பூட்டத் தோன்றியது, அடுப்பை மூடத் தோன்றவில்லை. கடையில் முன்னால் நாலு பேர் நின்றார்கள். திரும்பினால் ஜன்னலில் கரும்புகை. மாடிவீட்டுக் கண்டக்டர் மாமா ஈரச் சாக்கோடு பின்கதவை இடித்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்தே திரும்பி நடந்தேன். நாலு மணிக்குப் பரீட்சை முடிந்து வருகிறவள் மாதிரி வந்தேன்.

அன்று ராத்திரி அம்மா உங்களைக் கேட்டது என் காதிலேயே இருக்கிறது.

"நீ மூடினியா?"

"மூடினேன் அத்தை. மூடியாச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

"யார் பார்த்தா?"

நான் கதவோரம் பள்ளிப் பையோடு நின்றேன். ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று காலை அண்ணன் உங்களை உங்கள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

உங்கள் அன்பு மறக்காத,
நாத்தனார்


ஏப்ரல் 19, இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் அம்மா, தங்கை எல்லாரும் சுகமா? இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் சளி. மழையில் நனைந்துகொண்டே வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலைக்குப் போனார்.

சமையலறையைச் சரிபண்ணுகிறார்கள். கூடத்து மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் சமையல். கண்டக்டர் மாமா தீயை அணைத்த கதையைத் தினம் ஒருவருக்குச் சொல்கிறார். சொல்லச் சொல்லத் தீ ஒரு அடி வளர்கிறது. "இன்னும் ரெண்டு வாரம் விட்டா மேகத்தைத் தொட்டுடும்" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒருமுறை கொதிகலனை மூடாமல் போய் ஒருவருக்கு முகம் வெந்துவிட்டது அல்லவா. அதற்குப் பிறகுதான் அங்கே மூடுகிறவர் "மூடியாச்சு" என்றும், இன்னொருவர் போய்ப் பார்த்து "பார்த்தாச்சு" என்றும் சொல்லும் வழக்கம் வந்தது. அதை வீட்டுக்கும் கொண்டுவந்தது அம்மாதான். அதனால்தான் அவளுக்குக் கோபம் ஆற நாளாகிறது. நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் உங்களுக்கு எழுதுவது வீட்டில் தெரியாது. தபாலை அம்மாதான் வாங்குகிறாள். பதில் எழுதுவதானால் ஒட்டடைக்குச்சி வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். கீழே கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சுண்டெலி


மே 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் சளி போயிற்றா? மிளகு போட்டுச் சுடுதண்ணீர் குடிக்கச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல். இங்கே அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். தங்கை என்னை வைத்து வேலை வாங்குகிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒட்டடைக்குச்சிக்கு என் நன்றியைச் சொல். அவள் இன்னுமா உயரமாகிறாள்? இப்படியே போனால் அவளைக் கூப்பிட மாடியில் ஏறி நிற்க வேண்டியதுதான்.

இங்கேயும் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்துவிட்டது. பெரிய இடம். ஒரு நாளைக்கு முந்நூறு சாண்ட்விச் போகிறது. முதலாளி அம்மாள் நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். பழைய ரொட்டியைப் பார்த்தால் "இது யார் கல்யாணத்துல வாங்குனது?" என்பாள்.

அத்தை கோபப்பட்டது நியாயம். அவர்கள் வீடு. உள்ளே யாராவது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கே குலை நடுங்குகிறது. நீ அன்று நாலு மணிக்கு வந்தது நல்லதாகப் போயிற்று.

ஏதோ சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, என்ன? பரீட்சையில் கணக்கு கவிழ்ந்துவிட்டதா? பயப்படாமல் எழுது.

அத்தைக்கும் மாமாவுக்கும் நான் விசாரித்ததாகச் சொல்ல முடியாது என்று தெரியும். மனதிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணி


மே 14, இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் வீட்டில் எல்லாருக்கும் உடம்பு சௌகரியமா? அப்பா மிளகுத் தண்ணீர் குடிக்கவில்லை, சளி தானாகப் போய்விட்டது. கணக்கில் அறுபத்திரண்டு. அது இல்லை நான் சொல்ல நினைத்தது.

நீங்கள் "நாலு மணிக்கு வந்தது நல்லது" என்று எழுதியிருந்த வரியைப் பலமுறை படித்தேன்.

சமையலறைக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். புது அடுப்பு வந்துவிட்டது. நேற்று அம்மா அதைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ கேட்கிற மாதிரி, "அந்த ரொட்டிக்குச் சட்டை போட்டு எண்ணெயில நீச்சல் விடுவாளே, அது எப்படின்னு உனக்குத் தெரியுமா?" என்றாள். சட்டை போட்ட சாண்ட்விச் என்ற பெயர் அப்பா வைத்தது, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை செய்தபோது அம்மா, "இவ்வளவு எண்ணெயா, இது பலகாரமா பாவமா?" என்று கேட்டுவிட்டு மூன்று துண்டு சாப்பிட்டாள். சாதா சாண்ட்விச் என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அம்மா கேட்டாளே. அதனால் செய்முறையை முழுசாக எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல், ஒட்டடைக்குச்சியின் அம்மா சொன்னார் என்று கொடுக்கிறேன்.

சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. தாளில் இடம் இல்லை.

எல்லாருக்கும் என் அன்பு.

சுண்டெலி


ஜூன் 1

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீ சுகமா? தாளில் பாதிக்குமேல் வெள்ளையாக இருந்ததே, இடம் இல்லை என்கிறாய். சரி, உன் இஷ்டம். நாங்கள் எல்லாரும் நலம். தங்கைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது, ஆசிரியை மாதிரி அதட்டுகிறாள்.

அத்தை கேட்டார்கள் என்பதை மூன்று முறை படித்தேன். எழுதுகிறேன், கவனமாகப் பார்.

ஒரு நாள் பழைய ரொட்டிதான் வேண்டும். புது ரொட்டி எண்ணெயைக் குடித்துவிடும். ஓரத்தை வெட்டிவிடு. இரண்டு துண்டிலும் மெல்லிசாக வெண்ணெய், கொஞ்சம் கடுகுச் சாந்து. நடுவில் சீஸ், அதன்மேல் வேகவைத்த கோழியின் மெல்லிய துண்டு, மறுபடி சீஸ். மேலும் கீழும் சீஸ் இருந்தால் அது உருகி ரொட்டியைப் பிடித்துக்கொள்ளும். கோழி மட்டும் ரொட்டியைத் தொட்டால் பிரிந்துவிடும். நாலு பக்கமும் முள்கரண்டியால் அழுத்து. தட்டு வைத்து, மேலே ஏதாவது கனம் வைத்து, ஒரு மணி நேரம் குளிரில் விடு. அவசரப்பட்டால் வாய் திறந்துகொள்ளும்.

மாவுக்கு இரண்டு முட்டை, அரை டம்ளர் பால், நாலு கரண்டி மைதா, உப்பு, மிளகுத்தூள். கரண்டியை முக்கி எடுத்தால் முதுகில் ஒட்டி நிற்க வேண்டும், தண்ணீராக ஓடக் கூடாது. சாண்ட்விச்சைக் குறுக்கே வெட்டி, முக்கோணமாக முக்கி எடு.

சாப்பிடும்போது மேலே பொடித்த சர்க்கரை தூவி, பக்கத்தில் ஏதாவது புளிப்பு ஜாம் வை. உப்பும் இனிப்பும் சேருவதுதான் அதன் சூட்சுமம்.

அவ்வளவுதான். அத்தைக்குப் பிடிக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 16, இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் தங்கையின் கண்ணாடிக்கு என் வணக்கம். இங்கே எல்லாரும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் செய்தோம். ரொட்டி வெட்டியது, அழுத்தியது, முட்டை அடித்தது நான். முக்கோணங்களை மாவில் முக்கித் தட்டில் அடுக்கிய பிறகுதான் கவனித்தேன். உங்கள் குறிப்பில் முக்கி எடுத்த உடனே சர்க்கரை தூவச் சொல்லியிருக்கிறீர்கள். எண்ணெயில் பொரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு ஊற்றுவது, எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், எதுவும் இல்லை. ஒரு பக்கம் விட்டுப்போயிற்றா என்று உறையைக் கிழித்துக்கூடப் பார்த்தேன்.

அம்மா தன் கணக்கில் பொரித்தாள். சூடு போதாமல் இரண்டு முக்கோணம் எண்ணெயைக் குடித்துக் கனத்துவிட்டது. அப்புறம் தீயைக் கூட்டினாள், மீதி கறுத்துவிட்டது. நான் கூடத்தில்தான் நின்றேன். எண்ணெய் சத்தம் கேட்டால் என் கால் உள்ளே போக மறுக்கிறது. அப்பா ஒன்றை எடுத்துக் கடித்து, "சட்டை போட்டிருக்கு, ஆனா துவைக்காத சட்டை" என்றார். அம்மா ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். முடித்துவிட்டு, "அவ கைக்கு இது வேற மாதிரி வரும்" என்றாள்.

அவள் உங்களைப் பற்றி நல்லபடியாகப் பேசியது தீப்பிடித்த பிறகு இதுதான் முதல் தடவை. அண்ணன் சரக்கு ரயில் வேலைக்குப் போய்விட்டு அன்றுதான் வந்திருந்தான். தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான். உங்களைக் கூட்டிவரப் போகிறான் என்று நினைக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது.

எண்ணெய்ப் பகுதியை ஏன் எழுதவில்லை அண்ணி?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டெலி


ஜூலை 11

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் அண்ணன் வந்தார். அத்தை வரச் சொன்னதாகச் சொன்னார். நான் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் மேல் தப்பில்லை, அத்தை மேலும் தப்பில்லை. உனக்குச் சின்ன வயது, இதையெல்லாம் எழுதக் கூடாதுதான். ஆனால் நீ கேட்டாய்.

எண்ணெய்ப் பகுதி எழுத வரவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுதினால் நீ செய்வாய், செய்தால் ஏதாவது ஆகும் என்று தோன்றியது. இங்கே பேக்கரியில் என்னைப் பொரிக்கும் அடுப்பில்தான் முதலில் போட்டார்கள். ரெண்டு நாள் நின்றேன். மூன்றாம் நாள் நானே கேட்டுக் காகிதம் சுற்றும் இடத்துக்குப் போய்விட்டேன். வீட்டில் அடுப்பை மூடிவிட்டு வந்து படுத்தால் எழுந்து போய்ப் பார்ப்பேன். திரும்ப வந்து படுத்தால், பார்த்தோமா என்று மறுபடி சந்தேகம் வரும். ஒரு ராத்திரியில் நாலு தடவை. தங்கை விளையாட்டாகக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள், இப்போது அவளும் கிண்டல் பண்ணுவதில்லை.

மறந்துபோய் விட்டுவிட்டேன் என்றால் பரவாயில்லை. எல்லாருக்கும் மறதி உண்டு. எனக்கு மூடியது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் பயமே. குமிழைத் திருகியது, குனிந்து பார்த்தது, சொன்னது, சிரித்தது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதுவே பொய் என்றால் நான் வேறு எதை நம்புவது? அப்படிப்பட்டவள் உங்கள் வீட்டு அடுப்பில் நின்று, அடுத்த தடவை நீ உள்ளே இருந்தால்?

அதனால் வரவில்லை. அண்ணனிடம் இதைச் சொல்லாதே.

நன்றாகப் படி.

அண்ணி


ஜூலை 15, இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இன்று சாயங்காலம் கிடைத்தது. நலம் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் ஞாபகம் பொய் இல்லை. நீங்கள் மூடினீர்கள். நான் பார்த்தேன்.

நான் அன்று நாலு மணிக்கு வரவில்லை. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே வந்துவிட்டேன். பின்பக்கப் படியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்தேன். நீங்கள் இரண்டு குமிழையும் திருகிப் பார்த்தீர்கள். வலது பக்கத்தை இரண்டு முறை. குனிந்து பார்த்தபோது முன்முடி கண்ணில் விழுந்து ஊதித் தள்ளினீர்கள். "மூடியாச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். உங்கள் மஞ்சள் பையை மறந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்து எடுத்தீர்கள். இதெல்லாம் பார்க்காதவளுக்கு எப்படித் தெரியும்? பார்த்தாச்சு அண்ணி. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன்.

எண்ணெயைப் பற்றவைத்தது நான். நீங்கள் எனக்காக அழுத்தி வைத்த சாண்ட்விச்சைச் சாயங்காலம் வரை காத்திருக்காமல் தின்னத்தான். எண்ணெய் காயும்போது சர்க்கரை வாங்கக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்து புகையைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டேன். அம்மா உங்களைக் கேட்டபோது பக்கத்தில் நின்றேன்.

நீங்கள் போன ராத்திரியே இதையெல்லாம் எழுதினேன். பூகோளப் புத்தக அட்டைக்குள் வைத்தேன். அனுப்பவில்லை. அதையும் இதோடு வைத்திருக்கிறேன், தேதியைப் பாருங்கள். பாதி எழுத்து அழிந்திருக்கும். அழுததனால் இல்லை, குளியலறைத் தரை ஈரம்.

அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வாள் என்று பயந்தேன். உங்களுக்குத் தெரிந்தால் இனி எனக்கு எழுதவே மாட்டீர்கள் என்று அதைவிடப் பயந்தேன். நீங்கள் ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டைவிட்டுப் போனதுதான் கஷ்டம், வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்வேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

நாத்தனார்


ஆகஸ்ட் 9, இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. ஒட்டடைக்குச்சி தினமும் வாசலில் நின்று தபால்காரரைக் கேட்கிறாள். "உனக்குக் காதல் கடிதமா?" என்று அவர் கேட்டாராம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. நடந்ததைச் சொல்லத்தான்.

போன சனிக்கிழமை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரிப் பழக்கம், ஓரத்தோடு ஓரம் சேர வேண்டும். நான் போர்வையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்று, சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். போர்வை நடுவில் தொங்கியது.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா போர்வையை என் கையிலிருந்து வாங்கி, தனியாகவே மடித்தாள். கோணலாக வந்தது. அப்படியே வைத்துவிட்டாள். அப்பாவிடம் அவள்தான் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. அண்ணன் ரயிலிலிருந்து வந்ததும் அவனிடம் நானே சொன்னேன். அவன் வெளியே போய் வெகுநேரம் கழித்து வந்தான். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

நாலு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. நேற்று அம்மா விடுப்பு எடுத்தாள். பதினெட்டு வருஷத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்தால்கூட அவள் விடுப்பு எடுத்ததில்லை. தனியாகப் பேருந்தில் போனாள். எங்கே என்று சொல்லவில்லை. ராத்திரிதான் வந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள், அவ்வளவுதான்.

உங்களிடம்தான் வந்தாளா?

நீங்கள் ராத்திரி தூங்குகிறீர்களா? அதை மட்டும் யார் மூலமாவது சொல்லி அனுப்புங்கள்.

நாத்தனார்


செப்டம்பர் 2

உனக்கு,

இங்கே அனைவரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் ஜூலைக் கடிதத்தைப் பேக்கரி வாசலில் நின்று படித்தேன். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, சிரிப்பு. நான் பைத்தியம் இல்லை என்ற சந்தோஷம். சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. இவ்வளவு கோபம் எனக்குள் இருக்கும் என்று எனக்கே தெரியாது. காகிதம் சுற்றும் மேஜையில் அன்று எத்தனை தாளைக் கிழித்தேன் என்று முதலாளி அம்மாளைக் கேள். "ரொட்டியைச் சுத்து, ரொட்டியோட சண்டை போடாத" என்றாள்.

பதில் எழுதாமல் இருந்தது தாமதம் இல்லை. வேண்டுமென்றேதான். நீ மூன்று மாதத்துக்கு மேல் சொல்லாமல் இருந்தாய். அது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். நல்ல நினைப்பு இல்லை. ஆனால் உண்மை அதுதான், உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

அத்தை இங்கேதான் வந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். தேநீரைத் தொடவில்லை. என் அம்மா உறவு விசாரித்துப் பேசிக்கொண்டே இருக்க, அத்தை என்னைப் பார்த்து, "நீ மூடினியா?" என்றார்கள். "மூடினேன் அத்தை" என்றேன். யார் பார்த்தது என்று கேட்கவில்லை. "சரி" என்றார்கள். அப்புறம் அந்த ஆறிப்போன தேநீரை எடுத்து முழுசாகக் குடித்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை அத்தை வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் தேநீர் போதும்.

அன்று சாயங்காலம் பொரித்தேன். அம்மாவையும் தங்கையையும் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தனியாக. எண்ணெய் இரண்டு விரல் ஆழம் போதும். ரொட்டித் துகள் ஒன்றைப் போட்டுப் பார்: அடியில் உட்கார்ந்தால் சூடு போதாது, விழுந்ததும் கறுத்தால் அதிகம், மெதுவாக மேலே வந்து சுற்றிலும் சின்னக் குமிழி கட்டினால் சரி. முக்கோணத்தை உன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்து விடு, தெறித்தால் உன்மேல் தெறிக்காது. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். சத்தம் குறையும்போது எடுத்துவிடு. சத்தம் குறைவது மாவில் ஈரம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். காகிதத்தில் வடிய விட்டு, சூடு இருக்கும்போதே சர்க்கரை.

நன்றாக வந்தது. மூடிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டோம். தங்கை ஜாம் பாட்டிலைக் காலிபண்ணினாள். ராத்திரி ஒரே ஒரு தடவை எழுந்தேன். போன வாரம் முதல் எழவில்லை. பேக்கரியில் பொரிக்கும் அடுப்புக்குத் திரும்பக் கேட்டு, இந்த வாரம் முழுக்க அங்கேதான் நின்றேன். முதல் நாள் முப்பது, நேற்று நூற்றுப் பத்து.

அடுத்த மாதம் உன் அண்ணனுக்கு விடுப்பு. அவரோடு வருகிறேன். அவர் உன்னோடு பேசாமல் இருப்பது என்னால் இல்லை, அது உங்கள் இருவருக்குள். நீயாகப் போய்ப் பேசு. பேருந்து நிலையத்துக்கு வந்து அழுதுகொண்டு நிற்காதே, எனக்குப் பிடிக்காது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் நிற்கப் போவது நீ. உன் கால் உள்ளே வர மறுத்தால் கையைப் பிடித்து இழுப்பேன். நான் பக்கத்தில் நிற்பேன், ஆனால் எதையும் தொடமாட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத நினைத்தேன். இன்னும் ஆகவில்லை. சுண்டெலி என்று எழுத வரவில்லை, அன்புள்ள என்று தொடங்கவும் வரவில்லை. முடிக்கும்போதாவது வருகிறதா என்று பார்க்கலாம் என்று கடைசிவரை வைத்திருந்தேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். இந்தத் தடவை வாய்விட்டே சொல்லலாம்.

அன்புடன்,
அண்ணி